தண்ணீரில் சொல்ல வேண்டிய ஆட்சேபம்

மரக்காணத்து உப்பளங்களுக்குப் பின்னால் இருக்கும் கழியைக் காப்பாற்ற ஒரு மையம் வந்தது. அதன் முழுப்பெயர் 'ஈரநிலப் பூர்வகுடி நல்வாழ்வு மற்றும் காலநிலைத் தாங்குதிறன் ஒருங்கிணைப்பு மையம்'. சொல்லி முடிப்பதற்குள் கழியில் தண்ணீர் ஏறி இறங்கிவிடும் என்பதால் இனி மையம் என்றே சொல்வோம். கழியை யாரிடமிருந்து காப்பாற்றப் போகிறார்கள் என்று அப்போது அவர்கள் சொல்லவில்லை. கரையில் இருபத்துமூன்று குடிசைகளில் இருந்த இருளர்களும் கேட்கவில்லை. வந்தவர்கள் பிஸ்கட் கொடுத்தார்கள், பெயர் எழுதிக்கொண்டார்கள், போட்டோ பிடித்தார்கள். தேர்தல் வந்தாலும் இதேதான் நடக்கும் என்பதால் பாஞ்சாலை பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பாஞ்சாலைக்கு நாற்பது வயதிருக்கும். கையால் இறால் பிடிப்பது அவள் வேலை. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. நைட்டிக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டு போக வேண்டும். விரலில் தட்டுகிற இறாலை அமுக்கி எடுத்துப் பறியில் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. இரண்டு கைகளும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். கரையேறும்வரை, மூன்று மணி நேரமானாலும் நான்கு மணி நேரமானாலும், வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பறி கவிழ்ந்து பிடித்ததெல்லாம் கழிக்கே போய்விடும்.

வெயில் காலத்தில் உப்பளத்தில் கூலி வேலை உண்டு, அது இல்லாத நாளில் மட்டும் கழியில் இறங்குவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தை மூடிவிடுவார்கள். அப்போது கழியில் இறங்கினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். பாஞ்சாலைக்கும் அவள் புருஷன் குப்புசாமிக்கும், பக்கத்துக் குடிசையில் இருக்கும் குப்புசாமியின் தங்கை அம்சவள்ளிக்கும், மற்ற எல்லோருக்கும் அதுதான் பிழைப்பு.

மையத்தின் இயக்குநர் முனைவர் அருள்மொழி ரொம்ப நல்ல மனிதர். நடக்கும்போது காலடியில் எறும்பு போனால் நின்றுவிடுவார். அது கடந்து போகும்வரை பின்னால் வருகிற முப்பது பேரும் வெயிலில் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர், முதல் வேலையாக எல்லோரையும் வேனில் ஏற்றி, ஈசிஆர் ரோட்டு ரிசார்ட் ஒன்றின் ஏசி அரங்கத்துக்கு அழைத்துப் போனார். 'ஈரநிலம் என்றால் என்ன?' என்பது பயிற்சியின் தலைப்பு.

"நீங்கள் இயற்கையோடு இயைந்து வாழ்கிறவர்கள்" என்று அருள்மொழி உருக்கமாக ஆரம்பித்தார். "ஆயிரம் ஆண்டு அறிவு உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்."

திரையில் அவர்கள் கழியின் படமே ஓடியது. சேறு, நாணல், நாரை. அது என்ன என்று கேட்டார்கள். "கழிங்க" என்றாள் பாஞ்சாலை. தவறு, அது ஈரநிலம் என்றார்கள். ஏசிக் குளிரில் வெடவெடத்துப்போய் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மத்தியானம் பிரியாணி வந்ததும் கொஞ்சம் உயிர் வந்து, சாயங்காலத்துக்குள் எல்லோரும் ஈரநிலம் என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்தது தாங்குதிறன் அளவீடு. மையத்தின் களப்பணியாளர் சரண்யா, திண்டிவனத்துப் பெண், இதற்காக நாற்பது கேள்விகளோடு பாஞ்சாலை வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். புயல் வருவது முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாம? காத்து வாடை மாறிடும். நண்டெல்லாம் வளைய வுட்டு மேட்டுக்கு ஏறும். அப்பவே சாமான கட்டிடுவோம்."

"குடிசை விழுந்துட்டா?"

"திரும்ப கட்டிக்குவோம். ரெண்டு நாள் வேலை."

நூற்றுக்கு எண்பத்தொன்பது மதிப்பெண் வந்தது. குடிசைகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதேதான். மையத்தில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. திட்டம் முடியும்போது இவர்களுடைய தாங்குதிறனை அறுபது மதிப்பெண் உயர்த்திக் காட்டுவதாக மையம் எழுதிக் கொடுத்திருந்தது. எண்பத்தொன்பதோடு அறுபதைக் கூட்டினால் நூற்றுக்குள் அடங்காது. மறுநாள் சரண்யா அதே நாற்பது கேள்விகளோடு திரும்பி வந்தாள். பாவம், முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா, இந்த வாட்டி கொஞ்சம் கம்மியா தாங்குங்கக்கா."

"எப்படி கண்ணு கம்மியா தாங்குறது?"

"புயல் வர்றது தெரியாதுன்னு சொல்லுங்க. வீடு வுழுந்தா அழுதுகினு உக்காந்திருப்பேன்னு சொல்லுங்க. சார் திட்டுறாருக்கா."

அந்தப் பெண்ணின் வேலை போய்விடக் கூடாது என்று பாஞ்சாலை அப்படியே சொன்னாள். இருபத்திரண்டு மதிப்பெண் வந்தது. அருள்மொழி அந்தத் தாளைப் பார்த்துக் கண் கலங்கினார் என்று சரண்யா பிறகு சொன்னாள்.

மூன்றாவதுதான் கலந்தாய்வு. பூர்வகுடி மக்களின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாது என்பது மையத்தின் கொள்கை. ஒப்புதலையும் அவர்களை அலைக்கழித்து வாங்கக் கூடாது, அவர்களுடைய இயல்பான சூழலில், அவர்கள் வேலை கெடாமல் வாங்க வேண்டும் என்பது அருள்மொழி சேர்த்துக்கொண்ட கூடுதல் கொள்கை. ஆகவே ஆவணி மாதம் ஒரு காலையில், பதினேழு பேர் தண்ணீரில் குந்தி இறால் தடவிக்கொண்டிருக்கும்போது, மையத்தின் படகு அவர்கள் நடுவில் வந்து நின்றது. படகில் அருள்மொழி, சரண்யா, கேமராக்காரர், ஒரு மைக்.

அருள்மொழி தீர்மானத்தைப் படித்தார். நான்கு பக்கம். 'வாழ்விடச் செழுமையை மீட்டெடுக்கும் பொருட்டு மானுட இடையீட்டைப் படிப்படியாகச் சுழிநிலைக்குக் கொண்டுவருதல்' என்றெல்லாம் போயிற்று. கழியில் நீங்கள் இனி இறங்கக் கூடாது என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். பாஞ்சாலை பாதி கேட்டாள். கண் சிகிச்சை முகாமுக்கும் இப்படித்தான் மைக் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தாள். 'இறங்குதல் தவிர்க்கப்படும்' என்ற இடம் வந்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"ஆட்சேபம் உள்ளவர்கள் தாராளமாக வாய் திறந்து சொல்லலாம்" என்றார் அருள்மொழி. "ஒரு நிமிடம் காத்திருக்கிறேன். அவசரமே இல்லை."

காத்திருந்தார். பதினேழு வாயிலும் பதினேழு பறி. அன்றைக்கு நல்ல பாடு, எல்லாப் பறியும் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் அன்றையப் பிழைப்பு போச்சு. கரையேறிப் பறியை இறக்கி வைத்துவிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குப்புசாமிக்கு மட்டும் பொறுக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி "ம்ம்ம்... ம்ம்ம்ம்" என்றான். கேமரா அவன் பக்கம் திரும்பியது. அருள்மொழி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

பதினேழு பேரும் கரையேறி வந்தபோது படகு போயிருந்தது. மையத்தின் குறிப்பேட்டில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது: 'கலந்துகொண்டவர்கள் பதினேழு. ஆட்சேபம் இல்லை. மூத்தவர் ஒருவர் மரபான இசைவுப் பாடலை முணுமுணுத்தார்.'

புரட்டாசி முடிவதற்குள் மையம் எங்கெங்கோ கையெழுத்து வாங்கிக் கழியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது. வாசலில் பச்சை நிறத்தில் ஒரு போர்டு. 'இங்கே பூர்வகுடி மக்களின் பாரம்பரிய அறிவு பாதுகாக்கப்படுகிறது. உள்ளே நுழையாதீர்.'

பாஞ்சாலை சரண்யாவிடம் போர்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்படியே நடந்து மையத்தின் அலுவலகத்துக்குப் போனாள். அருள்மொழி எழுந்து நின்று கும்பிட்டு, உட்கார நாற்காலி கொடுத்து, தேங்காய் ஓட்டில் தண்ணீர் கொடுத்தார். அவள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது.

"எங்களுக்கு இதுல இஷ்டம் இல்லீங்க. தண்ணியில எறங்கலன்னா மழைக்கு பட்டினிதான் கெடக்கணும்."

"மிக நல்ல ஆட்சேபம்" என்றார் அருள்மொழி. "இதை நீங்கள் கலந்தாய்வில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?"

"வாயில பறி இருந்துச்சிங்களே."

"அது உங்கள் மரபு. அதில் நாங்கள் தலையிட முடியாது."

"இப்ப சொல்றேன், எழுதிக்கங்க."

"இங்கே சொன்னால் செல்லாதம்மா. இது அலுவலகம். உங்களை அலுவலகத்துக்கு வரவழைத்து ஒரு வார்த்தை வாங்கினால் அது அதிகாரத் திணிப்பு ஆகிவிடும். உங்கள் இயல்பான சூழலில், அதாவது தண்ணீரில் நின்று, என் முன்னிலையில் சொல்ல வேண்டும்."

"தண்ணியில எறங்க வுடமாட்டேன்றாங்களே."

"ஆமாம். அது ஏகமனதான முடிவு."

"யாரு எடுத்தாங்க?"

"நீங்கள்தான்" என்றார் அருள்மொழி, பெருமிதத்தோடு. "உங்கள் முடிவை மதிக்காமல் உங்களையே உள்ளே விட்டால் நாளைக்கு உங்களை யார் மதிப்பார்கள்?"

பாஞ்சாலை தேங்காய் ஓட்டைக் கீழே வைத்தாள். உள்ளே யார்தான் இறங்கலாம் என்று கேட்டாள். மையத்தின் பணியாளர்கள் மட்டும் என்றார். அவர் மறுபடி எப்போது தண்ணீர்ப் பக்கம் வருவார் என்று கேட்டாள். கார்த்திகையில் வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள், அன்றைக்கு வருவேன் என்றார்.

வெளியே வந்தபோது சரண்யா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, காவலர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. ஈரநிலக் காவலர். நீங்க சேந்துட்டா தண்ணியில எறங்கலாம். அன்னிக்கி சார் வரும்போது சொல்லிடுங்க, அவரு எழுதித்தான் ஆவணும்."

பாஞ்சாலை இரண்டு நாள் யோசித்தாள். ஊருக்காக வாயைத் திறக்க வேண்டுமென்றால் வேறு வழி எதுவும் தென்படவில்லை. சேர்ந்துவிட்டாள். பச்சைச் சட்டை கொடுத்தார்கள், முதுகில் 'இயற்கையின் மகள்' என்று அச்சடித்தது. ஒரு விசில் கொடுத்தார்கள். சம்பளம் ஆறு மாதம் தன்னார்வமாகப் பணியாற்றிய பிறகு. நைட்டியோடு வரக் கூடாது, அது பூர்வகுடி உடை இல்லை என்று புதுச்சேரி நாடகக் கம்பெனி ஒன்றில் வாடகைக்கு எடுத்த பாசிமணி மாலையும் கொடுத்தார்கள். ஊரில் யாரும் அப்படி ஒரு மாலையைப் பார்த்ததில்லை.

சட்டையோடு அவள் தெருவில் வந்தபோது அம்சவள்ளி வாசலில் நின்று காறித் துப்பினாள்.

"தூ! நம்மள தொரத்துறதுக்கு அவங்ககிட்டயே வேலைக்கு போறியா? வெக்கமா இல்ல?"

"நான் எதுக்கு போறேன்னு ஒனக்கு தெரியாது அம்சா."

"சட்ட மேலயே எயிதியிருக்குதே. போ, போ."

குப்புசாமி உள்ளே பனையோலை கிழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் மற்ற ஆண்களுக்கும் மையம் மாற்று வாழ்வாதாரம் கொடுத்திருந்தது. பனையோலையில் இறால் பொம்மை பின்னுவது. விருந்தினர்கள் வந்தால் வாங்குவார்களாம். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது, உப்பளத்தை மூடிவிட்டார்கள். குடிசைக்குள் முப்பது ஓலை இறால் தொங்கியது. குப்புசாமி அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வெச்சி கொழம்பு வெச்சா ருசி எப்படி இருக்கும்னு தெரியல" என்றான். அவர்கள் சாப்பிட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. ரேஷன் அரிசி தீர்ந்து, நாலு வீட்டில் கடன் கேட்டு, நாலு வீட்டிலும் இல்லை என்று ஆன நேரம் அது.

"கார்த்திகை பதினஞ்சு வரைக்கும் பொறுத்துக்கய்யா" என்றாள் பாஞ்சாலை. "அன்னிக்கி நான் சொல்லிடுவேன். அப்பறம் தொறந்து வுட்டுடுவாங்க."

கார்த்திகை பதினைந்தும் வந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. கழிக்கரையில் மூங்கில் கோபுரம் கட்டி, மேலே ஆறு வெளிநாட்டு விருந்தினர்கள் தொலைநோக்கியோடு நின்றார்கள். அருள்மொழி கீழே கரையில் மைக் வைத்துக்கொண்டு நின்றார். பாஞ்சாலையை முழங்கால் அளவு தண்ணீரில் நிறுத்தியிருந்தார்கள், பாசிமணியோடு. விருந்தினர்களுக்கு வரவேற்புரை, பிறகு பறவை பார்த்தல், பிறகு 'இயற்கையின் மகள் பேசுகிறாள்' என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் அமைந்திருந்தது. அவள் தண்ணீரில் நின்றாள், அவர் எதிரே இருந்தார், வாய் காலியாக இருந்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

அப்போது கோபுரத்திலிருந்து ஒரு விருந்தினர் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். வடக்கே நாணலுக்குப் பக்கத்தில் ஏழெட்டு தலைகள் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. அபூர்வப் பறவையாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பாஞ்சாலைக்குத் தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை. முன்னால் இருப்பது குப்புசாமியின் தலை, அவனுக்கு இடது பக்கம் அம்சவள்ளி. மையத்து ஆட்கள் எல்லோரும் இந்தப் பக்கம் இருப்பார்கள் என்று நம்பி, பசி தாங்காமல் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறார்கள்.

அருள்மொழி மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"விசில்" என்றார்.

"சார், அது..."

"ஊதினால் நீங்கள் காவலர். ஊதாவிட்டால் நீங்களும் அத்துமீறி உள்ளே நிற்கிறவர். தண்ணீரைவிட்டு ஏறிவிட வேண்டியதுதான். பிறகு பேசுவது எப்படி?"

அவர் மிரட்டவில்லை. ரொம்பக் கவலையோடுதான் சொன்னார். பாஞ்சாலை நாணல் பக்கம் பார்த்தாள். ஏறிவிட்டால் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் இல்லையென்றால் வருகிற மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் இதே கதிதான். பத்து நிமிடம், பத்தே நிமிடம் காவலராக இருந்துவிட்டால் போதும். விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

வெளியூரிலிருந்து எடுத்திருந்த மற்றக் காவலர்கள் படகில் போய் வளைத்துக்கொண்டார்கள். எட்டுப் பேரையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பறிகளை வாங்கி, விருந்தினர்கள் கையால் ஒவ்வொன்றாகக் கழியில் கவிழ்க்கச் செய்தார்கள். இறால்கள் வாழ்விடம் திரும்பின என்று அருள்மொழி விளக்கியதும் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்புசாமி பாஞ்சாலையைப் பார்க்கவில்லை. அம்சவள்ளி பார்த்தாள்.

"இந்தப் பெண்மணியைப் பாருங்கள்!" என்றார் அருள்மொழி மைக்கில். "அங்கே இருந்தது அவருடைய சொந்தக் கணவர். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பூர்வகுடி மக்களுக்கு உறவைவிட இயற்கை பெரிது என்று நான் எத்தனை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்! நானே இதை முழுதாக நம்பியதில்லை. இன்று நம்புகிறேன்."

பலத்த கைதட்டல். அது அடங்கியதும் மைக்கை அவளிடம் நீட்டினார்கள். பாஞ்சாலை சொன்னாள். மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைவிட நன்றாகவே சொன்னாள்.

"எங்களுக்கு இதுல ஆட்சேபம் இருக்குது. அன்னிக்கி வாயில பறி இருந்துச்சி, அதனால சொல்ல முடியல. நாங்க இந்த கழிய அழிக்கல. குஞ்சு எறா கையில தட்டுனா வுட்டுடுவோம். மழைக்காலத்துல எங்களுக்கு வேற சோறு கெடையாது. அவங்க திருடலீங்க, பசிக்கு எறங்குனாங்க. வேலிய எடுத்துடுங்க."

சரண்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருள்மொழி முழுவதையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தன் கையாலேயே குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"மிகத் தெளிவான ஆட்சேபம். தண்ணீரில் நின்று, என் முன்னிலையில். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான். ஆட்சேபம் சமூகத்திலிருந்து வர வேண்டும். நீங்கள் இப்போது ஸ்டாஃப். ஸ்டாஃப் சொன்னால் அது உள்நிர்வாகப் பிரச்சினை, துறை சார்ந்த ஆலோசனையாக எடுத்துக்கொள்வோம். ஆண்டு இறுதிக் கூட்டத்தில் வையுங்கள்."

"அப்ப அவங்க சொல்லட்டும்" என்று பாஞ்சாலை கரையில் நின்ற எட்டுப் பேரைக் காட்டினாள்.

"அவர்கள் கரையில் அல்லவா நிற்கிறார்கள்?" என்றார் அருள்மொழி.

விருந்தினர்கள் மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். ஓலை இறால் இரண்டு விற்றது. பிடிபட்ட எட்டுப் பேரையும் தண்டிக்க மையத்துக்கு மனமில்லை. உட்கார வைத்து, சாம்பார் சாதம் கொடுத்து, மறுவாழ்வு குறித்து நெடுநேரம் பேசிப் படிவத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

பாஞ்சாலை வீட்டுக்கு வந்தபோது குப்புசாமி ஈரத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் பாசிமணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அழுகை வந்தது. அவன் முன்னால் அழ அவளுக்கு அன்று உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள்.

"சொன்னியா?" என்றான் குப்புசாமி.

"சொன்னேன்."

"என்னா சொன்னாரு?"

"எயிதிக்கினாரு."

அவன் கொடியில் துண்டை இழுத்து நேராக்கினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி வுடு. நாளைக்கி ஒனக்கு எந்தப் பக்கம் டூட்டி?"

"வடக்கால."

"அப்ப நான் தெக்கால எறங்குறேன். அங்க வேலி தாழ்வாத்தான் கெடக்குது. சத்தம் போடாம போய்ட்டு வந்துடுறேன்."

"தெக்கால போவாதய்யா" என்றாள் பாஞ்சாலை. "சாப்பாடு போட்டு கைநாட்டு வாங்குனாங்க இல்ல, அது காவலர் வேலைக்குத்தான். அம்சவள்ளிய தெக்கால போட்டுட்டாங்க. ஒன் கைநாட்டும் இருக்குது. நாளானிக்கி ஒனக்கும் பச்ச சட்ட வருது."